மாமா துணை

பெரம்பலூரில், வண்டிகளுக்குப் பெயர் எழுதும் கடை முன்னால் நம் நாலு சக்கர லோடு ஆட்டோவை நிறுத்தியிருக்கிறேன். பெயிண்ட் வாசனை மூக்கைத் துளைக்கிறது. பெயிண்டர் தம்பி முன்கண்ணாடிக்கு மேலே தட்டிக் காட்டி, "பாதி அழிஞ்சிடுச்சுக்கா. சொரண்டிட்டு 'முருகன் துணை'ன்னு போட்டுடவா?" என்கிறார். ஐந்து வருஷத்துக்கு முன்னால் இதே வாசனையோடுதான் நீ இந்த வண்டியை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாய்.

ஊருக்கு முன்னால் உன்னை வாங்க, போங்க என்றுதான் கூப்பிட்டேன். இது நமக்குள். நீ என்றே பேசுகிறேன்.

அன்றைக்கு அங்கே 'மாமா துணை' என்று சிவப்பில் எழுதியிருந்தாய். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உன் அப்பா எங்கள் வெங்காயக் காட்டில் கூலி வேலை பார்த்தவர். நீ என் கழுத்தில் தாலி கட்டிய நாளிலிருந்து என் அப்பா உன்னை 'அந்தப் பய' என்பதைத் தவிர வேறு எப்படியும் சொன்னதில்லை. "பைத்தியமா உனக்கு? அவரா தொணை?" என்றேன். "வர்றப்போ வரட்டும். எடம் போட்டு வெச்சிருக்கேன்" என்று சிரித்தாய். அவர் வாயால் ஒரு தடவை மாப்பிள்ளை என்று கேட்டுவிட வேண்டும், அது ஒன்றுதான் உன் ஆசை.

நம்மைச் சேர்த்துவைத்ததே அவர்தான் என்று வேறு கிண்டல் செய்வாய். எனக்குக் கல்யாணம் கூடி வரட்டும் என்று திருமழபாடிக்கு நந்தி கல்யாணம் பார்க்க அழைத்துப்போனார். அங்கே அன்னதானத்துக்கு வெங்காய மூட்டை இறக்கிக்கொண்டிருந்தாய் நீ. காலேஜில் மூன்று வருஷம் ஒரே வகுப்பில் இருந்தும் வாய் திறக்காதவன், "மாப்ள பாக்கறாங்களாமே?" என்று கேட்டாய். "ஆமா, நீதான் பாத்துக் குடேன்" என்றேன். "பாத்தாச்சு" என்றாய். அந்தத் திமிர்தான் எனக்குப் பிடித்தது.

காய்ந்த ஏரியில் எனக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தபோதும் அதே திமிர். "ஸ்டியரிங்க இறுக்கிப் புடிக்காத, அது ஒண்ணும் ஓடிப் போவாது. ஓடி வந்தவ நீதான்."

போன வருஷம் மஞ்சள் காமாலை வந்து பத்தே நாளில் போய்விட்டாய். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. காரியம் முடிந்த அன்று அப்பா முதல் தடவையாக நம் வாசலுக்கு வந்தார். "கெளம்பு பாப்பா, நம்ம வூட்டுக்குப் போவலாம்."

"இதாம்ப்பா என் வூடு. அவர ஒரு தடவ மாப்ளைன்னு சொல்லுங்க, வரேன்."

செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிவிட்டார். மறுநாள் சேலைக்கு மேல் உன் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு அரியலூர் மார்க்கெட்டுக்கு லோடு ஏற்றினேன். என்னென்னவோ பேசினார்கள். பேசியவர்கள் மூட்டையையும் இப்போது நான்தான் ஏற்றுகிறேன்.

நேற்று என் அண்ணன் போன் செய்தான். "மழ இருட்டிக்கிட்டு வருது. வெங்காயம் பூராவும் காட்டுல கெடக்கு. பேசின வண்டி வரல. அப்பாகிட்ட சொல்லல, நீ வா."

போனேன். பாதையில் ஒரு டிராக்டர் குறுக்கே நின்றது. வரப்பிலிருந்து அப்பா கத்தினார்: "டேய், அத ஒதுக்குங்கடா! எங்க மாப்ள வண்டி வருது!"

உனக்குக் கேட்டதா? என்ன சொன்னோம் என்று அவருக்கே அப்புறம்தான் உறைத்தது. ஆனால் மாற்றிச் சொல்லவில்லை. மூட்டையெல்லாம் ஏறியதும் தோள் துண்டால் அந்த எழுத்தின் புழுதியைத் துடைத்தார். "அழிஞ்சி கெடக்கே. நல்லா எழுதிக்க" என்றார். பிறகு ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார், நீ போட்டு வைத்த இடத்தில்.

பாதி வழியில் கேட்டார். "சொல்லிட்டேன்ல. வருவியா?"

"வருவேம்ப்பா. சாப்புட்டுட்டு எங்க வூட்டுக்குத் திரும்பிடுவேன்."

தலையாட்டினார். நான் ஸ்டியரிங்கை இறுக்கித்தான் பிடித்திருந்தேன். திட்டாதே. ஓடிப் போகாது என்று நீ சொன்னதை நான் இன்னும் நம்பவில்லை.

பெயிண்டர் தம்பி பிரஷ்ஷோடு காத்திருக்கிறார். "அதேதான் தம்பி, செவப்புலயே எழுதுங்க" என்கிறேன்.

"யாருக்கா அந்த மாமா?"

"எங்க வூட்டுக்காரரோட மாமனாரு" என்கிறேன், பக்கத்து டீக்கடையில் நிற்பவர்களும் திரும்பிப் பார்க்கும்படி.