உம்முடைய பெயரில் நான்

கொட்டாஞ்சேனை
4.5.95

அன்பின் சிவபாதசுந்தரம்,

ஆண்டவர் கிருபையால் நலம். ஒரு பஸ் ஏறினால் வெள்ளவத்தை. ஆனாலும் எழுதுகிறேன், நேரில் கண்டால் கத்துவோம். அரசாங்கத்தோடு பேச்சுவார்த்தையை முறித்தது பெடியள்தான், புலிகள்தான் என்றேன். நீர் என்னைத் துரோகி என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணியும் குடியாமல் எழும்பிப் போனீர். "உங்கட சண்டைக்கு என்ர தேத்தண்ணி என்ன பாவம் செய்தது?" என்று என் மனுசி பேர்ணடெற் கேட்கிறாள்.

துறைமுகக் கந்தோரில் இருபது வருடம் பக்கத்து மேசைக்காரர் நாங்கள். ஒன்று செய்வோமா? உம்முடைய நியாயத்தை, என்னை நீராகவே நினைத்து நான் எழுதுகிறேன். என்னுடையதை நீர் எழுதும். பிறகு ஆறுதலாகச் சண்டை பிடிப்போம்.

ஹியூபேட்

வெள்ளவத்தை
11.5.95

உ

அன்புள்ள ஹியூபேட்,

துரோகி என்றது என் வாய்க்கொழுப்பு. மன்னியும். கொள்கை மாறவில்லை.

உம்முடைய நியாயத்தை எழுதத் தொடங்கினேன். "83 கலவரத்தில் ஒரு சிங்களவர்தான் என் பிள்ளைகளைத் தன் வீட்டில் ஒளித்து வைத்தார்" என்ற வரியோடு பேனா நின்றுவிட்டது. இனி உமது முறை.

சிவபாதசுந்தரம்

கொட்டாஞ்சேனை
19.5.95

அன்பின் நண்பருக்கு,

நீராகவே எழுதினேன், கையெழுத்தும் உமது பெயரில்:

"உ. மருதானையில் என் தம்பியை எரித்தவர்களை எந்த நீதிமன்றமும் விசாரிக்கவில்லை. கேட்டோம், கெஞ்சினோம். பெடியள் துவக்குத் தூக்கிய பிறகுதான் பேச்சு மேசையில் எங்களுக்கு இருக்கக் கதிரை தந்தார்கள். சிவபாதசுந்தரம்."

எழுதும்போது வெட்கமாக இருந்தது. உம்முடைய தம்பியைப் பற்றி நான் ஒருநாளும் கேட்டதில்லையே.

ஹியூபேட்

வெள்ளவத்தை
26.5.95

உ

அன்புள்ள ஹியூபேட்,

பிள்ளையார் சுழியைத் தலைகீழாகப் போட்டிருக்கிறீர். வேதக்காரர்தானே! மற்றபடி ஓர் எழுத்தும் திருத்த இல்லை. அழுதேன்.

இங்கே ஒவ்வொரு நாளும் பொலிஸ் சுற்றிவளைப்பு, வீடு வீடாய்ச் சோதனை. நீர் எழுதிய தாளைக் கிழிக்கச் சொல்லி என் மனுசி றஞ்சிதம் சண்டை. மனம் வரவில்லை, சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். நாலாம் திகதி ஞாயிறு பூசை முடிய வருகிறேன்.

சிவபாதசுந்தரம்

கொட்டாஞ்சேனை
8.6.95

அன்பின் சிவபாதசுந்தரம்,

இதை எந்த விலாசத்துக்கு அனுப்புவது?

ஞாயிறு காத்திருந்தேன். பிறகு றஞ்சிதம் வந்து சொன்னாள். பொலிஸ் அந்தத் தாளை எடுத்து, யார் எழுதியது என்று கேட்டதாம். "நான்தான்" என்றீராம், உம்மை ஏற்றிக்கொண்டு போனார்களாம். ஏன் ஐயா? என் பெயரைச் சொல்லியிருக்கலாமே.

திங்கள் ஸ்டேஷனுக்குப் போய், எழுதியது நான் என்று சிங்களத்தில் சொன்னேன். இன்ஸ்பெக்டர் கேட்டார்: "எழுத்து உன்னுடையது. நினைப்பு யாருடையது?"

உம்முடையது என்றால் உம்மை விடமாட்டார்கள். என்னுடையது என்றால் என்னை விடமாட்டார்கள். சிவபாதம், நான் வாய் திறக்கவில்லை. யோசித்துவிட்டு வா என்று அனுப்பினார்.

செவ்வாய் போனேன். "நினைப்பும் என்னுடையதுதான்" என்று உரத்துச் சொன்னேன். அவர் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "அப்படி ஒருவரை நாங்கள் பிடிக்கவேயில்லையே, அய்யே" என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னார்.

நான் சொன்னதை அவர் எழுதிக்கொள்ளவும் இல்லை. என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார்.

உம்முடைய
ஹியூபேட்