இடது பக்கம் நின்ற பெண்கள்

சாணார்பட்டி,
ஞாயிறு, பூசை முடிந்து வந்து எழுதுகிறேன்.

ரீனா அப்பாவுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் நானும் பிள்ளையும் சுகம். உங்கள் சுகத்தைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன். இஷாக் தம்பி லீவு முடிந்து மஸ்கட் திரும்புகிறார். எலுமிச்சை ஊறுகாயோடு இந்தக் கடிதத்தையும் அவரிடம் கொடுத்துவிடுகிறேன். போனில் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவீர்கள்.

முதலில் நல்ல செய்தி. நம் பாடகர் குழுவை வைத்து ரீனா பதிவு செய்த பாட்டைக் கொடியேற்றத்தன்று கோயில் ஒலிபெருக்கியில் போட்டார்கள். பங்குச் சாமியார் இன்னொரு தடவை போடச் சொன்னார். பூப்பறித்துக்கொண்டிருந்த பெருமாயி வேலியோரம் வந்து, இது திண்டுக்கல் ஸ்டுடியோவில் எடுத்ததா என்று விசாரித்தாள். இல்லை, என் வீட்டு உள்ளறையில் என் மகள் எடுத்தது என்றேன். அப்போது என் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தலைக்கனம்தான், இருந்துவிட்டுப் போகட்டும்.

சுவரெல்லாம் போர்வை கட்டி, ஃபேனை நிறுத்தி, பதினோரு பேரையும் ஒவ்வொருவராகப் பாட வைத்தாள். ஆட்டைக்கூடப் பக்கத்துத் தோட்டத்தில் கட்டச் சொல்லிவிட்டாள். வேர்த்து ஊற்றியதில் இஞ்ஞாசியம்மாள் அக்கா என்னைத்தான் திட்டினார். பிறகு கம்ப்யூட்டரில் குரல்களைச் சேர்க்கும் வேலை. ஹெட்போனில் எந்தக் குரல் எந்தக் காதில் கேட்க வேண்டும் என்பதையும் அவளே முடிவு செய்யலாமாம். அதற்கு ஒவ்வொரு குரலுக்கும் திரையில் ஒரு சின்னக் குமிழ் இருக்கிறது. கோயிலில் நாம் நிற்பது போலவே வைத்துவிட்டாள். பெண்கள் முழுக்க இடது பக்கம், ஆண்கள் முழுக்க வலது பக்கம், ஆர்மோனியம் நடுவில். கண்ணை மூடிக் கேட்டேன். பீடத்தைப் பார்த்து நிற்கிற மாதிரியே இருந்தது.

அதை உங்களுக்கு அனுப்பினால் என்ன பதில் வந்தது? ஆம்பளைகள்தானே பாடுகிறார்கள், என் மகளை யார் ஓரங்கட்டியது என்று சண்டைக்கு வந்தீர்கள். ஹெட்போனில் ஒரு பக்கம் கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்து, இடது வலது மாற்றி மாட்டிப் பார்க்கச் சொன்னாள் ரீனா. மாட்டிவிட்டு, வாய்ஸ் மெசேஜில் அம்புட்டு சந்தோஷமாகச் சொன்னீர்கள்: "இப்ப எம்மக குரலு நல்லாக் கேக்குது. ஆனா ஆம்பளைகளக் காணோமே தாயி."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிள்ளை முகம்தான் சுருங்கிவிட்டது. அவள் சொன்னாள்: "ஹெட்போன் ரெண்டு பக்கமும் நல்லாத்தாம்மா இருக்கு. எப்படி மாட்டினாலும் வலது காதுல விழறது மட்டுந்தான் கேக்குது. அப்பாவுக்கு இடது காது கேக்கல."

எத்தனை மாதமாக இப்படி? வீடியோ காலில் எப்போதும் வலது கன்னத்தையே காட்டுகிறீர்களே, புது மாப்பிள்ளை மாதிரி அழகு பார்க்கிறீர்களா என்று கேலி வேறு செய்தேன். அதை நினைத்தால் என் வாயிலேயே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. ரீனா படிப்பு முடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு காதைப் பிளக்கிற அந்த ஜெனரேட்டர் பக்கத்திலேயே நின்று வேலை பார்ப்பீர்கள். உங்களை எனக்குத் தெரியாதா?

அன்றைக்கே அவள் மறுபடியும் உட்கார்ந்தாள். எல்லாரையும் நடுவுக்குக் கொண்டுவந்தாள். நடுவில் வைத்தால் எல்லாக் குரலும் இரண்டு காதிலும் கேட்குமாம். ஆனால் எல்லாரும் ஒரே இடத்தில் நின்றதில் பஸ் கூட்டம் மாதிரி நெரிசல். ஒருவர் குரல் இன்னொருவரை மறைக்காதபடி ஏற்றி இறக்கிச் சரிசெய்யவே நாலு நாளாயிற்று. காலேஜுக்குக்கூடப் போகாமல் இம்புட்டுப் பாடு எதற்கு என்று அதட்டினேன். "ஊரு கேக்கறதுக்கே ஒரு வாரம் உக்காந்தேன். எங்கப்பா கேக்கறதுக்கு உக்கார மாட்டேனா?" என்றாள். நீங்கள் பெற்ற பிள்ளைதானே.

அந்தப் பாட்டு இந்நேரம் உங்கள் போனுக்கு வந்திருக்கும். எந்தப் பக்கம் மாட்டினாலும் எல்லார் குரலும் கேட்கும். ரீனா மூன்றாவது அடியில் தனியாகப் பாடுகிறாள்.

கேட்டுவிட்டு முதல் வேலையாக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இருக்கிற காதையும் அந்த இரைச்சலுக்குக் கொடுத்துவிடாதீர்கள். கணக்கை முடித்துக்கொண்டு ஊருக்கு வந்துவிடுங்கள். வந்த பிறகு கோபமாகக்கூடப் பேச மாட்டேன். உங்களுக்கு வலது பக்கமாகவே உட்கார்ந்து, மெதுவாகவே பேசுகிறேன்.

மாதா உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

அன்புக்கரசி