செய்தியில் வந்த மூன்று பேர்

அன்புள்ள அப்பாவுக்கு ஊர்சினா வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? அம்மா சாப்பிடுகிறார்களா? நான் நலம்.

இங்கே அமெரிக்காவில், விஸ்கான்சின் தொலைக்காட்சியில் நம் சுவிட்சர்லாந்து வந்தால் சீஸ், கைக்கடிகாரம், வங்கி, இவ்வளவுதான். அப்போதெல்லாம் முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை செய்யும் மார்லீன் கூப்பிடுவாள். அன்றும், "ஊர்சினா, உங்க ஊரக் காட்டுறான், ஓடி வா," என்றாள். சாப்பாட்டுத் தட்டோடு சிரித்துக்கொண்டே ஓடினேன். பனிச்சரிவில் மூன்று சுவிஸ்காரர்கள் பலி, அமெரிக்கர் யாரும் இல்லை என்று சொல்லிவிட்டுச் செய்தியில் பேஸ்பால் ஆட்டத்துக்குப் போய்விட்டார்கள்.

"நல்லவேளை, நம்ம ஆளுங்க யாருமில்ல," என்றாள் மார்லீன். நானும், "ஆமா, நல்லவேளை," என்றேன். ஒரு மணி நேரம் கழித்து நீங்கள் அழைத்து, அந்தப் பனிச்சரிவில் தம்பி போய்விட்டான் என்றீர்கள்.

மார்லீன் அழுதாள். "அவன் பேரு என்ன? சரியாச் சொல்லிக் குடு," என்றாள். ஃப்ளூரின் என்ற பெயர் அவளுக்கு வாயில் நுழையவில்லை. அவள்மேல் கோபமில்லை அப்பா. நானும் 'நல்லவேளை' என்று சொன்னேனே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

அடக்கத்துக்கு வர முடியாததை மன்னியுங்கள். அவனுடைய கம்பளிக் காலுறைகளை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள், எனக்குச் சரியாக இருக்கும். நம்மூர்ப் பத்திரிகையில் வந்த பக்கத்தையும் அனுப்புங்கள். அதிலாவது அவன் பெயரைப் போட்டிருப்பார்கள் இல்லையா?

வேலைக்கு அழைக்கிறார்கள்.

உங்கள் மகள்,
ஊர்சினா