குளிர்ந்த பக்கத்துக்கு ஒரு சேலை

பெரார்கஞ்ச்

வைஜெயந்திக்கு,

நீயும் அபியும் சுகந்தானே? உன் முழங்கால் வலி தேவலையா? எனக்கு அசதியைத் தவிர வேறொன்றும் இல்லை. போனில் சார்ஜ் இல்லாததால்தான் கடிதம்.

இந்தத் தீவுத் தோட்டத்துக்குக் கரண்ட் லைன் கிடையாது. அடைமழையில் சோலாரும் படுத்துவிட்டது. அதனால் தேங்காய் மட்டையை எரித்து ஓட்ட ஸ்டிர்லிங் எஞ்சின் ஒன்றை நானே செய்தேன். ஒரு பக்கம் சூடும் மறுபக்கம் குளிர்ச்சியும் இருந்தால், உள்ளே அடைபட்ட காற்று விரிந்து சுருங்கிச் சக்கரத்தைச் சுழற்றும்; அதில் கரண்ட் வரும்.

நேற்று பல்பு எரிந்தது. "பன்னீரண்ணே, பத்தி ஜல் கயா, விளக்கு எரியுது" என்று தோட்டத்து மேஸ்திரி நந்தகுமார் கை தட்டினார். பத்து நிமிடத்தில் இரண்டு பக்கமும் ஒரே சூடாகி எஞ்சின் நின்றுவிட்டது. தொட்டுப் பார்த்ததில் விரலை லேசாகச் சுட்டுக்கொண்டேன். கோணல் எழுத்தைப் பார்த்துப் பயப்படாதே.

எவ்வளவு மழை பெய்தும் இந்த ஊரில் புழுக்கம், குளிர்ச்சிக்குத்தான் பஞ்சம். எஞ்சினின் குளிர்ந்த பக்கத்தில் ஈரத் துணி சுற்ற வேண்டும். உன் பழைய நூல் சேலை ஒன்று அனுப்பு. எஞ்சின் விடாமல் ஓடினால் போனில் பேசலாம்.

கடிதத்தைத் தபாலில் சேர்க்க நந்தகுமார் ஜீப்பில் காத்திருக்கிறார்.

சேலை இரண்டாகவே அனுப்பு. ஒன்று எஞ்சினுக்கு. மற்றதைத் துவைக்க வேண்டாம்.

பன்னீர்செல்வம்