இடப்பக்க இருக்கை

பத்திரகாளி அம்மன் துணை

திருகோணமலை

அன்புள்ள உங்களுக்கு,

போனில் கதைத்தால் உங்கள் பக்கத்தில் மகள் இருப்பாள். அதனால்தான் கடிதம். நீங்கள் வாசிக்கக் கஷ்டப்படக்கூடாதென்று பெரிய எழுத்தாக எழுதுகிறேன்.

கொழும்பு ஆஸ்பத்திரியிலிருந்து நீங்கள் எழுதி அனுப்பிய பயணத் திட்டத்தைச் சரிபார்த்தேன். நம்முடைய வான் வண்டியில் வெருகல் தாண்டி மட்டக்களப்பு, கதிர்காமம், காலி. திரும்பும்போது மன்னார், யாழ்ப்பாணம். தங்குமிடம், டீசல், கோயில் கும்பிட நேரம் எல்லாம் சரி. ஓரிடத்தில்தான் பிழை. முழுத் தூரமும் நீங்களே வான் ஓடுவதாகப் போட்டிருக்கிறீர்கள்.

"அப்பாட்ட இப்ப ஒண்டும் சொல்லாதேங்கோ அம்மா" என்று மகள் போனில் அழுதாள். உங்கள் கண்ணைப்பற்றி டொக்டர் அவளிடம் சொன்னதை நானும் இங்கே எழுதப்போவதில்லை.

மத்தியான வெயிலில் நீங்கள் கேற் தூணில் வானைத் தட்டிய மாதமே, உங்களுக்குத் தெரியாமல் வாகனம் ஓடப் பழகத் தொடங்கினேன். கிளச் மிதித்து மிதித்து முழங்கால் நோகிறது. சமைக்கக் குசினிக்குள் வந்தால் நிற்க ஏலாமல் அலுத்துப்போகிறது. நேற்று லைசென்ஸ் கிடைத்தது. வானைக் கோயிலடிக்குக் கொண்டுபோனேன். ஐயர் சில்லுக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தார். நான் பதற்றத்தில் ரிவேர்ஸ் போட்டுவிட்டேன்.

"அம்மா, பழம் முன்னுக்கெல்லோ கிடக்கு! எங்க போறியள்?" என்றார் ஐயர்.

சனம் சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, முன்னுக்கு எடுத்துப் பழத்தை நசித்தேன்.

இடப்பக்க இருக்கைக்குப் புது மெத்தை தைத்துப் போட்டிருக்கிறேன். உங்களுக்குத்தான். கோபமென்றால் வெருகல்வரை கதைக்காமல் வாருங்கள். அதற்கப்பால் எனக்குப் பாதை தெரியாது.

உங்கள்
வீட்டுக்காரி