வேர்க்காத மதியம்

இன்று மில் கேட்டில் மோர் ஊற்றினார்கள். பெருங்காய வாசனை வந்ததும் உன் ஞாபகம் வந்துவிட்டது. உனக்குத்தான் பெருங்காயமே ஆகாதே. "நல்ல மோரக் கெடுத்துப்புட்டாங்க" என்று திட்டிவிட்டு உன் டம்ளரை என் பக்கம் தள்ளியிருப்பாய். ஷிப்ட் முடியும்வரை நீ எதையும் குடித்ததில்லை.

காற்றுப் பட்டால் நூல் அறுந்துவிடும் என்று நம் பிரிவில் மின்விசிறி கிடையாது. ஜன்னலையும் திறக்க மாட்டார்கள். நூலுக்காக ஈரம் தெளிப்பார்கள், அந்தப் புழுக்கத்தில் நாம் வெந்துபோவோம். தண்ணீர் குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டும். ஒருத்தி போனால் பக்கத்தில் நிற்பவள்தான் அவளுடைய மெஷினையும் பார்க்க வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் எல்லா நூலும் அறுந்து தொலையும். "உன்னைய ரெண்டு பக்கமும் ஓட விட்டுட்டு நான் போகவா? போடி" என்பாய். உனக்காக நானும் தாகத்தை அடக்குவேன். அதை நட்பு என்று நினைத்திருந்தோம். நட்புதான், இப்போதும் இல்லையென்று சொல்ல மாட்டேன்.

அந்தச் சித்திரை மதியம் என் ரவிக்கை பிழிந்தால் சொட்டும்போல நனைந்திருந்தது. உன் முகம் கன்றியிருந்தது, ஆனால் ஒரு பொட்டு வேர்வை இல்லை.

"உனக்கென்னடி, வேர்க்கவே இல்ல. குடுத்து வச்சவ."

"உடம்பு பழகிருச்சு புள்ள. தலைதான் லேசா வலிக்குது."

செத்த நேரத்தில், அறுபடாத நூலை ஒட்ட ஆரம்பித்தாய். விளையாடுகிறாய் என்று சிரித்தேன். அப்படியே சரிந்துவிட்டாய்.

"வேர்வை நின்னதுதாம்மா ஆபத்து" என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். பொழுது சாயும்போது நீ இல்லை. காலையில் சாப்பிடாமல் வந்ததால் மயக்கம் என்றது மில். அன்று காலை என் டப்பாவிலிருந்தும் இட்லி எடுத்துத் தின்றவள் நீ. சொல்லிப் பார்த்தேன், யாரும் காதில் வாங்கவில்லை. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

இப்போது தண்ணீர்க் கேன் பக்கத்திலேயே இருக்கிறது. ஜன்னல் மட்டும் திறக்கவில்லை. உன் இடத்தில் ஒட்டன்சத்திரத்துப் பெண் ஒருத்தி நிற்கிறாள். "வேண்டாமுங்க்கா, நீங்க தனியாப் பாக்கோணுமே" என்று அவளும் தயங்குகிறாள். "நான் பாத்துக்கிறேன், போய்க் குடி" என்று விரட்டுகிறேன்.

கடந்து போகும்போதெல்லாம் அவள் பிடரியில் கை வைக்கிறேன். "என்னங்க்கா, கூசுதுங்க" என்று நெளிகிறாள். காரணம் சொல்லவில்லை. ஈரம் பட்டால் எனக்கு மூச்சு வருகிறது.

உன் பிடரியை நான் தொட்டது உன்னைத் தூக்கும்போதுதான். காய்ந்து சுட்டது.