ஜன்னலில் தொங்கிய சட்டை

அன்புள்ள அம்மணி அக்காவுக்கு, மஸ்கட்டிலிருந்து வணக்கம். உன் முழங்கால் வலி குறைந்ததா? பாகூரில் மழை உண்டா? நான் நலம்.

தொழிலாளர் சுவாசிக்கும் தூசியை அளக்க, பல நாட்டுப் பிள்ளைகளுக்கு இங்கே பயிற்சி கொடுக்கிறேன் அல்லவா? சென்ற வாரம் கல்லறுக்கும் பட்டறை ஒன்றில், தொழிலாளியின் சட்டைக் காலரில் கருவியை மாட்டிவிட்டு வந்தோம். மாலையில் பார்த்தால் தூசியே பதிவாகவில்லை. முதலாளி சிரித்தார்.

நான் விடுவேனா? நம் கான்வென்ட் மதரைப் போல் மறுநாள் சொல்லாமல் போய் நின்றேன். நாங்கள் கருவி மாட்டிவிட்ட தொழிலாளி, நம் கிருமாம்பாக்கத்துக் கலைவேந்தன், வெற்றுடம்போடு கல்லறுக்கிறான். சட்டையும் கருவியும் ஜன்னலில் காற்று வாங்குகின்றன!

"இன்னாடா இது?"

"இந்த வெயில்ல சட்டையோட எவம்மா கல்லறுப்பான்? ஒங்க மிஷினு கெட்டுடப் போவுதேன்னு பத்திரமா மாட்டிக்கீறேன்."

பிள்ளைகள் அவன் தோளில் பட்டை கட்டி, அதில் கருவியை மாட்டி மறுபடி அளந்தார்கள். அனுமதித்த வரம்பைப் போல் ஐந்து மடங்கு தூசி! இன்று தூசி உறிஞ்சும் குழாய்கள் பொருத்துகிறார்கள்.

உன் மகள் யாமினி இங்கு வரும்போது நார்த்தங்காய் ஊறுகாயும், வெயிலுக்கு மெல்லிய வாயில் துணிப் புடவை ஒன்றும் கொடுத்தனுப்பு. நிறத்தை நீயே பார். இங்கே எனக்கு நிறம் பார்த்துச் சொல்ல என் வீட்டுக்காரரும் இல்லை, நீயும் இல்லை.

வண்டி வந்துவிட்டது. இன்று வேறொரு பட்டறை. என் பிள்ளைகள் முதலில் ஜன்னலைத்தான் பார்ப்பார்கள்.

உன் தங்கை,
தனக்கொடி